கருவேல முள் இழுத்த கோடுகள்: வீட்டிலேயே எடுக்க முடியுமா?

கருநீலம்:
பொங்கலுக்குக் காரில் ஊருக்குப் போயிருந்தோம். பரமக்குடிக்குத் தெற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே 4 கிலோமீட்டர், ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்து நிற்கிறது. எதிரே டிராக்டர் வந்ததால் ஓரம் கட்டினேன், இடது பக்கம் முழுக்க கிளை கிறீச்சென்று உரசிக்கொண்டே போனது, உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. கழுவிப் பார்த்தால் முன் கதவிலும் பின் கதவிலும் பத்துப் பன்னிரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள். வண்டி கருநீலம், வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. நிழலில் தெரியவில்லை, காலை வெயில் சாய்வாக விழுந்தால் அத்தனையும் தெரிகிறது. டிங்கரிங் கடையில் கேட்டேன், இரண்டு கதவையும் முழுசாக அடித்துவிடலாம், 8,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கம்பெனி பெயின்டைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க எனக்கு மனம் வரவில்லை. பல் விளக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்கிறார் மைத்துனர். என்னிடம் பாலிஷ் தேய்க்கிற பஃபிங் மெஷின் கிடையாது, கையால்தான் செய்ய வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பெயிண்டர்:
தம்பி, அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். நான் 22 வருடம் ஸ்பிரே கன் பிடித்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கம்பெனியில் சூளையில் சுட்டு வருகிற பெயின்டின் உறுதி கடையில் அடிக்கிற பெயின்டுக்கு வராது.

முதலில் கீறல் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். தகரத்துக்கு மேலே பிரைமர், அதற்கு மேலே கலர், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர். இந்தக் கிளியர் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. கோட்டின் மேல் தண்ணீர் தெளியுங்கள், ஈரத்தில் கோடு மறைந்தால் அது கிளியரோடு நின்றுவிட்டது, கையாலேயே எடுக்கலாம். அடுத்து, கட்டைவிரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் சிக்கினால் அதைத் தேய்த்துப் போக்க நினைக்காதீர்கள், அதற்கு வைத்தியம் வேறு.

கம்பவுண்ட் என்கிற தேய்க்கும் பசை பள்ளத்தை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள கிளியரைச் சீவி மட்டமாக்குகிறது, அதனால்தான் கோடு தெரியாமல் போகிறது. சீவிய கிளியர் திரும்ப வளராது. வெயிலைத் தாங்குவதும் அந்த அடுக்குதான், அது தேய்ந்து போன வண்டிகளின் கூரையில் வெள்ளை வெள்ளையாக உரிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பேஸ்டிலும் அரைக்கிற தூள் இருக்கிறது, லேசான கோடு மங்கும், ஆனால் அது பல்லுக்கென்று செய்தது, பெயின்டில் மூட்டம் விழலாம். சிலர் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், கோடு மாயமாக மறையும், அடுத்த தடவை கழுவினதும் திரும்ப வந்து நிற்கும். 3எம், மெகுயர்ஸ் மாதிரி கார் பெயின்டுக்கென்று வருகிற கம்பவுண்டில் மெல்லிய ரகமாக வாங்குங்கள்.

திருப்பூர் தொழில்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் போன வருடம் என் கறுப்பு வண்டியில் கம்பவுண்ட் சரியாகத்தான் போட்டேன், துணியில் கோட்டைவிட்டேன். ஊரில் பனியன் வேஸ்ட் மலிவு, அதைத்தான் எடுத்தேன், அதில் ஒரு தையல் மடிப்பு இருந்ததைக் கவனிக்கவில்லை, துடைக்கத் துடைக்க வட்ட வட்டமாகப் புதுக் கீறல். மைக்ரோஃபைபர் துணி மூன்று நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். கீழே விழுந்த துணியை உதறிவிட்டுத் திரும்ப எடுக்கவே எடுக்காதீர்கள், ஒரு மணல் துகள் போதும்.

நன்றாக ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் நிறுத்தி, தகரம் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது ஆரம்பியுங்கள். கறுப்பு பிளாஸ்டிக், கைப்பிடி, கதவு ஓரம், மடிப்பு வருகிற கோடு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். மடிப்பில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், பிளாஸ்டிக்கில் கம்பவுண்ட் ஏறினால் அந்த வெள்ளையை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு சாண் அகலம் மட்டும் எடுத்துக்கொண்டு, கொட்டைப்பாக்கு அளவு கம்பவுண்ட், நேர் நேராக ஒரு நிமிடம் தேய்த்து, துடைத்து, வெயில் சாய்வில் பார்த்துவிட்டு அடுத்த சுற்று. முதலில் கதவின் அடியில், கண்ணில் படாத இடத்தில் முயன்று பாருங்கள்.

புதுசு:
அண்ணே, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், அதான் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், போட்டால் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே? போடலாமா?

பழைய பெயிண்டர்:
போடலாம், நாங்கள் போடுவோம். ஆனால் பேப்பர் பட்ட இடம் முழுக்க மங்கிப் பால் மாதிரி ஆகிவிடும், அந்த மங்கலை எடுத்துப் பளபளப்பைக் கொண்டுவர மெஷினும் பழகின கையும் வேண்டும். முதல் தடவை செய்கிறவர் பேப்பர் பக்கமே போக வேண்டாம். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் வண்டியில் கம்பவுண்டே போடக்கூடாது, தேய்த்த இடம் மட்டும் மினுங்கும், திருப்பிக் கொண்டுவர முடியாது.

கருநீலம்:
இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, முடித்துவிட்டேன். தண்ணீர் தெளித்ததும் ஒரே ஒரு கோட்டைத் தவிர எல்லாம் மறைந்தன, பார்த்ததும் உயிர் வந்தது. கையால் என்பதால் ஒவ்வொரு இடத்துக்கும் நான்கைந்து சுற்று தேவைப்பட்டது, தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. எட்டுக் கோடுகள் சுத்தமாக இல்லை, இரண்டு மூன்று மங்கலாக இருக்கின்றன, என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது, அப்படியே விட்டுவிட்டேன். பின் கதவுக் கைப்பிடிக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கோட்டில் நகம் சிக்குகிறது, உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. அதை என்ன செய்ய?

பழைய பெயிண்டர்:
மங்கலானதை விட்டீர்களே, அதுதான் சரி. சாம்பல் தெரிகிறது என்றால் பிரைமர் வரை போயிருக்கிறது, தகரம் இன்னும் திறக்கவில்லை. ஆனால் மழைக்காலத்துக்குள் மூடிவிடுங்கள், பம்பர் என்றால் பிளாஸ்டிக், துருவுக்குப் பயம் இல்லை, இது கதவு. வண்டியின் கலர் நம்பர் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும், அந்த நம்பருக்கே டச்சப் பாட்டில், அதாவது கீறலில் மட்டும் தொட்டு வைக்கிற பெயின்ட், வாங்குங்கள். பாட்டிலோடு வருகிற பிரஷ் தடிமன், வேண்டாம், பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டுப் பள்ளத்துக்குள் மட்டும் வையுங்கள், காயவிட்டு மறுபடி ஒரு தடவை. அது காய்ந்ததும் கிளியர் ஒரு தொடுதல். அப்புறம் ஒரு மாதம் அந்த இடத்தில் வாக்ஸ், பாலிஷ் எதுவும் போடாதீர்கள், வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.