1500 மீட்டர்: ஒன்றரை வருஷமாக நேரம் கூடிக்கொண்டே போகிறது, கோச்சை மாற்றலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தங்கைக்கு 22 வயது. 1500-ல் சிறந்த நேரம் 4:17. இந்த சீசனில் நாலு போட்டி, எதிலும் 4:26-க்குக் கீழே வரவில்லை. கடைசிப் போட்டி லேப் 68, 71, 74, மிச்ச 300 மீட்டர் 54. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே மாஷ்தான் (வாத்தியார்) கோச். அவரிடம் இப்போது முப்பது பிள்ளைகள். இவளோட ஈசி ரன் (மெதுவான ஓட்டம்) எல்லாம் பையன்களோடுதான், கிலோமீட்டருக்கு 4:15. காயம் எதுவும் இல்லை. கோயமுத்தூரில் ஒரு கோச் எடுத்துக்கொள்ளத் தயார். மாற்றலாமா?

ஏழரை சுற்று:
முதலில் ரத்தம் பாருங்க, கோச் அப்புறம். 4:17-க்கு லேப் 68 சொச்சம். முதல் லேப் அப்படியே போயிருக்கு, ரெண்டாவதிலேயே மூணு செகண்ட் நழுவிடுச்சு. வேகம் போதாதவள் கடைசி 300-ல்தான் மாட்டுவாள். ரெண்டாவது லேப்பிலேயே கால் கனத்தால் இரும்புச்சத்து மேல்தான் என் சந்தேகம்.

ஹீமோகுளோபின் மட்டும் எடுத்தால் 12.5 இருக்கு, நார்மல் என்று அனுப்பிவிடுவாங்க. ஃபெரிட்டின் கேளுங்க, அதுதான் உடம்பில் சேமித்திருக்கிற இரும்பின் அளவைக் காட்டும். கூடவே சிஆர்பி, டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்), பி12, வைட்டமின் டி. கடின ஒர்க்அவுட் முடிந்து ரெண்டு நாள் கழித்துக் கொடுக்கணும். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும், அதைப் பிடிக்கத்தான் சிஆர்பி. ஃபெரிட்டின் 30-க்குக் கீழே வந்தால் டாக்டரிடம் போங்க. இரும்பு மாத்திரை பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள், எலுமிச்சைச் சாறோடு. சாயா, பால் ரெண்டும் ஒரு மணி நேரம் தள்ளி. 8 முதல் 12 வாரம் கழித்து மறுபடி டெஸ்ட்.

மாதவிடாய் மூணு மாசம் வராமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்க. அது பெரும்பாலும் ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாததன் கணக்கு, எந்தக் கோச்சிடம் போனாலும் தீராது.

ஒரு எச்சரிக்கை: தெம்புக்கு என்று கிளினிக்கில் ட்ரிப்ஸ் ஏற்றிவிடாதீங்க. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ஏற்றினால், உள்ளே வெறும் இரும்பாக இருந்தாலும் ஊக்கமருந்து விதிப்படி குற்றம். ஆஸ்பத்திரி சிகிச்சை, ஆபரேஷன் போன்றவற்றுக்கு மட்டும்தான் விலக்கு.

வாளையார் காற்று:
ரத்தம் சரி. ஆனால் அந்த 4:15-ஐ விட்டுட்டீங்களே. 1500-ஐ 4:17-ல் ஓடுகிறவளுக்கு ஈசி என்றால் கிலோமீட்டருக்கு 4:50 முதல் 5:15. த்ரெஷோல்ட், அதாவது ரொம்ப நேரம் தாங்கக்கூடிய கடின வேகம், 3:30 பக்கம். 4:15 ரெண்டுமில்லை. களைப்பு மட்டும் சேரும், பலன் சேராது. பையன்களுக்கு அது ஈசி, இவளுக்கு தினமும் அரைப்போட்டி. இதை மாஷிடம் சொன்னாலே திருத்தலாம், அதற்குக் கோச்சை மாற்ற வேண்டாம்.

ஆறு வாரம் தனியாக மெதுவாக ஓடட்டும். பிறகு 5×1000 (1000 மீட்டர் அஞ்சு தடவை), நடுவில் 2 நிமிஷம் ஓய்வு. பழைய டைரியில் இதே ஒர்க்அவுட்டின் நேரத்தையும் இதயத்துடிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. நேரம் கூடி துடிப்பும் கூடினால் உடம்பில் கோளாறு. ஒர்க்அவுட் எல்லாம் பழைய நேரத்தை அடித்து, போட்டியில் மட்டும் விழுந்தால் பிராக்டிஸிலேயே ரேஸ் ஓடித் தீர்த்துவிடுகிறாள்.

ஆடி மாசம் சாயங்காலம் மட்டும் டெஸ்ட் வைக்காதீங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் எதிர்த்து ஓடும் நேரான பக்கத்தில் போனது, காற்று தள்ளும் பக்கத்தில் முழுசாகத் திரும்பி வராது. காலை ஆறு மணி, அதே டிராக், அதே ஸ்பைக்ஸ்.

பழைய ஸ்டாப்வாட்ச்:
மாற்றுவது என்றே முடிவானால் சீசன் முடிந்த பிறகு. நடுவில் மாறினால் புதுப் பயிற்சி உடம்பில் சேரவே ரெண்டு மூணு மாசம், அதற்குள் போட்டிகள் போயிடும். முதல் நாலு வாரம் வாரக் கிலோமீட்டர் பழையபடியே இருக்கட்டும். தூரமும் வேகமும் ஒரே மாசத்தில் ஏற்றினால் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் வலி நிச்சயம். பயிற்சிக்கு மட்டும் கோயமுத்தூர் போனால் போதும் என்றால் சிக்கல் இல்லை. கேரளத்தை விட்டு தமிழ்நாட்டுக்காக ஓடுவதென்றால் மாநில சங்கத்தின் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும்.

போன வழியில் திரும்பி வருவதும் அவமானமில்லை. ஸ்டீப்பிள்சேஸ் (தடை தாண்டி ஓடும் 3000 மீட்டர்) ஓட்டக்காரர் அவினாஷ் சாப்ளே வெளிநாட்டுக் கோச் நிகோலாய் ஸ்னெசரேவிடம் போய், முறை ஒத்துவராமல் பழைய கோச் அம்ரிஷ் குமாரிடமே வந்தார். 2022 காமன்வெல்த்தில் ஸ்டீப்பிள்சேஸ் வெள்ளி, 8:11.20.

மாஷிடம் நேரில் சொல்லுங்க, வாட்ஸப்பில் வேண்டாம்.

ஏழரை சுற்று:
சீசன் முடிகிற வரை பொறுக்கக் கூடாத விஷயமும் உண்டு. பேர் சொல்லாத மாத்திரை, ஊசி, எல்லார் முன்னாலும் எடை போட்டுக் கேலி, தப்பான தொடுகை. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வெளியே வந்திடணும். இங்கே அப்படி எதுவும் நீங்க எழுதவில்லை, ஆனாலும் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கேட்டாச்சு, அப்படி ஒன்றுமில்லை. ஃபெரிட்டின் 11, ஹீமோகுளோபின் 12.2, சிஆர்பி நார்மல். டாக்டர் மாத்திரை எழுதியிருக்கார். ஓடுவதற்கு முன்னாலா, பின்னாலா?

ஏழரை சுற்று:
காலை ஓட்டம் முடிந்த அரை மணிக்குள். மூணு மணி நேரம் தாண்டினால் இரும்பு உறிஞ்சுவதைத் தடுக்கிற ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறிடும், அப்புறம் குடல் இரும்பை உள்ளே விடாது. வயிறு எரிந்தால் ஒரு இட்லியோடு போடட்டும், சாயா மட்டும் பத்து மணிக்கு.