11 வயதுப் பையனுக்கு பிரஷர்: சேலத்தில் எங்கே காட்டலாம்?

வணக்கம். அக்கா மகனுக்கு 11 வயது, எங்களோடு அம்மாபேட்டையில் இருக்கிறான். உயரம் 142 செ.மீ., எடை 56 கிலோ. போன நவம்பரில் பள்ளி முகாமில் பிரஷர் 128/84 என்று வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் பலத்த குறட்டை, பின்கழுத்தில் தேய்த்தாலும் போகாத கருமை.

தைராய்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை இரண்டும் சரி. டிரைகிளிசரைடு 178, நல்ல கொழுப்பு 34. பக்கத்து கிளினிக்கில் "வளர்ற பையன், தானா சரியாகிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வயதில் டிரைகிளிசரைடு 130ஐத் தொட்டாலே அதிகம் என்பதால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

பொங்கலிலிருந்து தட்டு வடை செட்டும் பாட்டில் ஜூஸும் நிறுத்தியாச்சு (பாட்டி ரகசியமாக வாங்கித் தருவது தனிக் கதை). காந்தி ஸ்டேடியத்தில் சாயங்கால நடை. எடை ஏறவில்லை, ஆனால் பிரஷர் இறங்கவில்லை.

அப்புறம், கையில் சுற்றும் பட்டை. கைக்குச் சின்னதாக இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும், பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். போன இடங்களில் எல்லாம் கிடைத்ததைச் சுற்றுகிறார்கள். அதோடு டாக்டரைப் பார்த்தாலே இவனுக்குப் படபடப்பு. அதனால் 24 மணி நேரம் மாட்டிவிட்டு அளக்கும் கருவிதான் தெளிவு தரும் என்று படுகிறது. கேட்ட இடங்களில் பெரியவர்களுக்கு மட்டும்தான் என்கிறார்கள்.

கோவைக்குக் கிளம்புமுன் கேட்கிறேன்: சேலத்திலோ ஈரோட்டிலோ சிறுவர்களுக்கு 24 மணி நேர பிரஷர் பதிவு எங்கே எடுக்கிறார்கள்?