செம்மர வழக்கில் தண்டனை அடைந்தவருக்குச் சட்ட மாணவி என்ன செய்ய முடியும்?

நகரி மாணவி:
வணக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று வளர்ந்தவள். சட்டப் படிப்பில் கடைசி வருடம். கல்லூரி சட்ட உதவி மையத்திலிருந்து சிறைக்குப் போகிறோம். அங்கே செம்மரம் வெட்டியதாகத் தண்டனை அடைந்த ஜவ்வாது மலைக்காரர் ஒருவர். காட்டுக்குள் கால் வைக்கவே இல்லை, பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்தார்கள் என்கிறார். பிடிபட்டபோது பதினெட்டு ஆகவில்லை என்கிறார் அவர் அம்மா. ஆந்திர கோர்ட், விசாரணை முழுக்கத் தெலுங்கில். 1992இல் நியூயார்க் கார்டோசோ சட்டக் கல்லூரியில் தொடங்கிய, தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களை மீட்கும் இன்னசன்ஸ் ப்ராஜெக்டில் மாணவர்களே பழைய வழக்குகளைத் தோண்டுகிறார்கள். அங்கே டி.என்.ஏ. கைகொடுத்தது. இங்கே எதைப் பிடிப்பது?

சித்தூர் வக்கீல்:
அம்மா, அவர் சொல்வது நிஜமா என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். முதலில் வழக்குக் கட்டு. சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். சாட்சிகளின் வாக்குமூலத்துக்கும், பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதிய மகஜருக்கும் நகல் மனு போட வேண்டும்.

நம் பக்கத்து வழக்குகளின் உயிர் அந்த மகஜரில்தான், இங்கே மீடியேட்டர் ரிப்போர்ட் என்பார்கள். கைப்பற்றிய இடம், நேரம், கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் யார், எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் வி.ஆர்.ஓ.க்கள், அதாவது கிராம வருவாய் அலுவலர்கள்தான் கையெழுத்திடுவார்கள். அதே பெயர்கள் வேறு செம்மர வழக்குகளிலும் வருகின்றனவா பாருங்கள். பஸ் டிக்கெட், போன் விவரம் எதுவாவது அந்த நேரத்தோடு முட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒப்புதல் வாக்குமூலம்: தெலுங்கில் எழுதிக் கைரேகை வாங்கியிருப்பார்கள். அதைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டியது யார்?

கோர்ட்டில் சாட்சியத்தை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279வது பிரிவு. ஆனால் மொழிபெயர்க்கவில்லை என்ற ஒன்றை வைத்தே தீர்ப்பு உடையாது. அதனால் எந்தச் சாட்சியை அவர் மறுக்க முடியாமல் போனது என்று காட்ட வேண்டும். அதற்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் கேட்டு எழுதணும். கட்டு படிக்கத் தெரிந்த வக்கீல்களுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. மலையிலிருந்து வரும் உறவினர்களுக்குத் தெலுங்கு தெரியாது. இரண்டும் முடிந்தவர் நீங்கள்தான்.

மேல்முறையீடு போட்டாரா? ஹைகோர்ட் என்றால் 60 நாள், செஷன்ஸ் என்றால் 30 நாள். தாண்டியிருந்தாலும் தாமதத்தை மன்னிக்க மனு உண்டு.

திருவண்ணாமலை தன்னார்வலர்:
வயது விஷயத்தை விட்டுவிடாதீர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 9: வழக்கு முற்றிலும் முடிந்த பிறகும் எந்தக் கோர்ட்டிலும் எழுப்பலாம். 94வது பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்று, இல்லாவிட்டால் ஊராட்சியின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. ஆதாரை நம்பாதீர்கள், மலையில் பல பேருக்கு அதில் ஜனவரி 1தான் பிறந்த நாள். 1994 புனே கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2023இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது ராஜஸ்தான் பள்ளி ஆவணத்தை வைத்துத்தான். சம்பவத்தன்று அவருக்குப் பன்னிரண்டரை வயது. உள்ளே 28 வருடத்துக்கு மேல் போய்விட்டது! ஒன்றாம் வகுப்பு மட்டும் படித்திருந்தாலும் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பள்ளியின் பெயரை அம்மாவிடம் கேளுங்கள்.

நகரி மாணவி:
மேல்முறையீடே போடவில்லை சார். வீட்டில் பணமில்லை. மனுவை நானே எழுதலாமா?

சித்தூர் வக்கீல்:
எழுதலாம், ஆஜராக முடியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் கொடுங்கள். காவலில் இருப்பவருக்கு 1987 சட்டத்தின் 12வது பிரிவில் வருமான வரம்பு கிடையாது. வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் அவர் கைரேகையைச் சிறை அதிகாரி முன்னால் வாங்கி, அந்த அதிகாரியிடமே சான்றொப்பம் வாங்குங்கள். திங்கட்கிழமை சித்தூர் கோர்ட்டுக்கு வாங்கம்மா, நகல் மனு போடக் கற்றுத் தருகிறேன். வழக்கு எண் மறக்க வேண்டாம்.