தோணியில் போனபோது நேருக்கு நேர் கண்டவை: திருகோணமலைப் பக்கத்து அனுபவங்களைப் பகிருங்கள்

வெருகல்கரையான்

வெருகல் ஆற்றைத் தெரிந்தவர்களுக்கு இடத்தை விளக்கத் தேவையில்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம், ஆறு ஒடுங்கி இரண்டு பக்கமும் மணல் தெரிந்தது. தோணியின் பின்பக்கத்தில் மாமா சவள் என்ற துடுப்போடு, முன்னால் நான் 300 மில்லிமீற்றர் லென்ஸோடு. மருத மரங்கள் சாய்ந்து கிடக்கும் வளைவைத் திரும்பியதும் மாமா சவளைத் தண்ணீருக்குள்ளேயே நிறுத்திவிட்டார். நடு ஆற்றில் ஒரு தும்பிக்கை மட்டும் நிமிர்ந்து நின்றது. அதற்கு அப்பால் இன்னொன்று, மிகச் சிறியது. தாயும் குட்டியும் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன.

பெரிய தும்பிக்கையின் நுனி எங்கள் பக்கம் திரும்பியது. இரண்டு துவாரங்களும் விரிவதைக் கண்ணால் பார்த்தேன். மூச்சை உள்ளே இழுக்கும் ஓசையும் கேட்டது. உடனே அந்தத் தாய் நீந்தும் திசையை மாற்றி, குட்டிக்கும் எங்கள் தோணிக்கும் நடுவில் வந்து நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். ஓட்டத்தோடு போகவில்லை, எங்களை நோக்கியும் வரவில்லை. குட்டி எதிர்க்கரைச் சேற்றில் ஏற முடியாமல் சறுக்கியது. தாய் அங்கிருந்து அசையவேயில்லை. "மருமகன், கமராவைக் கீழே வை" என்றார் மாமா. வைத்தேன்.

குட்டி தானாகவே ஏறிப் போய்விட்டது. ஆனால் நாங்கள் அங்கே இல்லாதிருந்தால் தாய் பின்னாலிருந்து நெற்றியால் தள்ளி ஏற்றியிருக்கும். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்படி எதிர்ப்பட்டவர்கள் எழுதுங்கள்.

கொட்டியாரத்துப் பொடியன்

எனக்கு யானை இல்லை, முதலை. மூதூருக்கு மேற்கே, மகாவலி கடலில் விழும் இடத்துக்குச் சற்று உள்ளே. தண்ணீர் வற்றிய நேரம். கண்டல் வேர்களுக்கு நடுவே மீன்கொத்தி ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்: மீன்கொத்தி இருந்த வேருக்குக் கீழே சேற்று நிறத்தில் ஒரு கண். எல்லாப் படங்களிலும் இருந்தது. கடைசிப் படத்தில் மட்டும் இல்லை.

அந்தக் கடைசிப் படம் எடுக்கும்போது என் கை தண்ணீரில் இருந்தது. எந்த வகை முதலை என்று யாராவது சொல்ல முடியுமா?

கண்டல் ஆசிரியை

வெருகல்கரையான் தம்பி, உங்கள் மாமா செய்தது சரி. ஆனால் இங்கே எல்லோரும் ஒரு விடயத்தைச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டு எழுதுகிறீர்கள். இயந்திரப் படகு கெடுதல், தோணி சாது என்று. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு களப்பில், பெயர் சொல்ல மாட்டேன், கண்டல் மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. தூரத்தில் இயந்திரப் படகு வந்தபோது பறவைகள் தலையை உயர்த்திப் பார்த்தன, அவ்வளவுதான். படகு விலகிப் போனது. பிறகு இரண்டு பேர் தோணியில் ஓசையே இல்லாமல் மரத்தடிக்கே வந்தார்கள், கையில் நல்ல கமராக்கள். கிளைக்குக் கீழே திடீரென ஆளைக் கண்டதும் முழுக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பியது. சிறகடிப்பில் குஞ்சு ஒன்று தண்ணீரில் விழுந்தது. அவர்கள் பறக்கும் பறவைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கரையிலிருந்து கத்தினேன். அதற்குள் காகங்கள் முட்டைகளுக்கு வந்துவிட்டன.

இயந்திரம் வருவது முன்கூட்டியே கேட்கும். விலகுவதா இருப்பதா என்று பறவை தீர்மானிக்கலாம். தோணி அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. நடுப்பகல் வெயிலில் பெற்றோர் எழும்பிப் போனால், காகம் வராவிட்டாலும் முட்டை வெந்து போகும். கூடு கட்டும் காலத்தில் அந்த மரங்களுக்கு அருகே போகவே கூடாது.

நிழற்பட நேசன்

உப்பாற்றில் பாம்புத்தாரா ஒன்று மீனைக் குத்தித் தூக்கி, மேலே எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கியதைப் பார்த்தேன். மீன் காற்றில் இருந்த அந்தக் கணம் என்னிடம் படமாக இல்லை. தெளிவாக இருப்பது பின்னால் இருந்த கண்டல் குச்சி மட்டும்.

ஆகவே புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். குவியப் புள்ளிகள் எல்லாவற்றையும் திறந்து வைத்தால் கமரா முன்னால் இருக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்திருங்கள். முக்காலியைக் கரையில் விட்டுவிடுங்கள், தோணியோடு சேர்ந்து அதுவும் ஆடும். முழங்காலை மடித்துத் தாழ இருங்கள்: தோணியும் கவிழாது, பறவையின் கண் மட்டத்தில் படமும் கிடைக்கும். ஷட்டர் வேகம் விநாடியின் 1/1600 பங்கை விட மெதுவாக வேண்டாம், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனை, கூட்டுங்கள். வெள்ளைக் கொக்குக்கு ஒளியளவைக் கொஞ்சம் குறைக்காவிட்டால் இறகுகள் வெறும் வெள்ளையாகிவிடும். உப்புத் தண்ணீர் தெறித்தால் காயும்வரை விடாதீர்கள். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடனே துடையுங்கள். கமரா வாரைக் கழுத்தில் மாட்டாதீர்கள், கவிழ்ந்தால் அது எங்காவது சிக்கி உங்களைத் தண்ணீருக்குள் இழுத்து வைத்திருக்கும். நீர் புகாத பையில் வைத்து, பையைத் தோணியோடு கட்டுங்கள். உயிர்காப்பு அங்கி கட்டாயம். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மதியத்துக்கு மேல் கச்சான் எழும்பினால் திறந்த குடாவில் துடுப்புப் போட்டுக் கரை சேர முடியாது. விடியலில் போய்ப் பத்து மணிக்குள் திரும்புங்கள்.

கழிமுகத்தான்

ஆசிரியை அவர்களே, மரியாதையோடு மறுக்கிறேன். எங்கள் வாப்பா காலத்திலிருந்து கிண்ணியாவில் தோணியில்தான் தொழில். அந்தக் கண்டல்களுக்கு அடியால்தான் தினமும் வலைக்குப் போகிறோம். கொக்கு எழும்புவதில்லை, கூழைக்கடா பக்கத்திலேயே மிதக்கும். தோணியைப் பழிக்காதீர்கள்.

யானையைப் பற்றி ஒன்று. 2017 ஜூலையில் கொக்கிளாய்க்கு அப்பால், கரையிலிருந்து பல கிலோமீற்றர் தூரத்தில், கடலில் நீந்திக்கொண்டிருந்த யானையைக் கடற்படையினர் மீட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டு கிழமைக்குள் திருகோணமலைக் கடலில் இன்னும் இரண்டு யானைகள். அந்த நாட்களில் நானும் கொட்டியாரக் குடாவில் தொழிலில் இருந்தேன். யானையைக் காணவில்லை, ஆனால் இருட்டில் தண்ணீர் ஊதும் ஓசை எது கேட்டாலும் சவளை நிறுத்திக் காது கொடுத்தோம். ஒரு முறை தோணிக்குப் பக்கத்திலேயே கேட்டது, மீன் வாடையோடு. டொல்பின். ஆனால் அது மேலே வரும்வரையிலான அந்த இடைவெளியில் எனக்குள் எழுந்த நடுக்கத்தை எந்தப் படமும் காட்டாது.

கண்டல் ஆசிரியை

கழிமுகத்தான் நானா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன், அது என் பேச்சுக்கே பலம் சேர்க்கிறது. நீங்கள் ஒரே வழியால், ஒரே வேகத்தில், வலையைப் பார்த்தபடி போகிறீர்கள். பறவைக்கு அது பழகிய காட்சி. படம் எடுப்பவர் போகும் தோணியை நிறுத்துகிறார், பறவையை நேராகப் பார்க்கிறார், எதையோ தூக்கிக் குறிவைக்கிறார். வேட்டையாடும் எந்த மிருகமும் அதைத்தான் செய்கிறது. என் மறுப்பு அந்த நிறுத்தத்தின் மேல்.

வெருகல்கரையான்

ஓசையில்லாமல் வருவது பற்றி மாமாவும் அன்று இதையேதான் சொன்னார், ஆசிரியை. வளைவுக்கு முன்பே சவளால் தோணியின் விளிம்பில் தட்டிக்கொண்டு போவது அந்தக் கால வழக்கமாம், அதுவும் யானைக்காகவே. இப்போது நாங்கள் தட்டுகிறோம். படம் குறைந்திருக்கிறது, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

பொடியன், முதலை பற்றி: தலைக்குப் பின்னால், கழுத்துத் தொடங்கும் இடத்தில், பெரிய செதில்கள் நான்கு வரிசையாகத் தெரிந்தால் அது குளங்களில் இருக்கும் சதுப்புநில முதலை. அந்த இடம் வெறுமையாக, மூக்கு நீண்டு, கண்ணிலிருந்து மூக்கு நோக்கி இரண்டு வரம்புகள் ஓடினால் செம்மூக்கன், உவர்நீர் முதலை. ஆற்று வாயில் செம்மூக்கனை எதிர்பார்க்கலாம். கடைசிப் படத்துக்கு முந்திய படங்களில் தலையின் பின்பக்கம் தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

கொட்டியாரத்துப் பொடியன்

பார்த்தேன் அண்ணா. செதில் இல்லை. வரம்பு இரண்டும் இருக்கின்றன.