கொட்டகையில் கிடக்கும் 1968 செவெல்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கார்க்கிறுக்கன்:
மிச்சிகனில் ஒரு பண்ணைக் கொட்டகையில் செவ்ரோலே கம்பெனியின் இரண்டு கதவு 1968 செவெல் கார் பல வருடமாக அசையாமல் நிற்கிறது. 7,000 டாலர் கேட்கிறார்கள். செவெலிலேயே பலமான என்ஜினோடு வந்த எஸ்எஸ் 396 என்கிறார் உரிமையாளர். என்ஜின் சீஸ் ஆகி, சுழலாமல் இறுகிவிட்டது, சீட்டெல்லாம் எலி கடித்திருக்கிறது, கூரையின் மேல் ஒட்டிய கறுப்பு வினைல் உறை. முழுதாகச் சீர்செய்த எஸ்எஸ் என் சம்பளத்துக்கு எட்டாது. வெல்டிங் தெரிந்தவன் இப்படிக் கைவிடப்பட்ட வண்டியைத்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி.

பட்டறைவாசி:
நான் எதிர்க்கட்சி. என்ஜினைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் கலந்து ஊற்றி ஊறவிட்டால் பல என்ஜின்கள் அசைந்து கொடுக்கும். இல்லாவிட்டாலும் வேறு செவ்ரோலே வி8 கிடைக்கும். பயப்பட வேண்டியது துருவுக்கு. அந்தப் பக்கம் பனிக்காலத்தில் பனியை உருக்கச் சாலையெல்லாம் உப்பு போடுவார்கள், அது தகட்டை அரிக்கும். போதாததற்கு வினைல் கூரை: அதன் அடியில் ஈரம் தங்கி, பின் கண்ணாடியின் கீழ் மூலைகளை அரித்துவிடும். அந்த ஓட்டை வழியாக நீர் இறங்கி டிக்கியின் தரையும் போயிருக்கும். டிங்கரிங் கூலி வண்டி விலையைத் தாண்டும்.

அப்புறம், வின் எண் (வண்டியின் அடையாள எண்) என்ன? 1968இல் எஸ்எஸ் 396 தனி சீரிஸ், எண் 138 என்று தொடங்க வேண்டும். 1969இல் அது வெறும் ஆப்ஷன் ஆனதால் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

கார்க்கிறுக்கன்:
படம் வாங்கிப் பார்த்தேன். 13637.

பட்டறைவாசி:
அது மாலிபு வி8, அதாவது எஸ்எஸ் அல்லாத செவெல். எஸ்எஸ் எழுத்தை யாரோ பிறகு ஒட்டியிருக்கிறார்கள்.

கார்க்கிறுக்கன்:
சரி, மாலிபு விலைக்குப் பேசுகிறேன். ஆனால் என் கட்சியை விடமாட்டேன். இது தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடி உட்காரும் வண்டி. தரைத் தகடு, டிக்கித் தரை, பின்பக்கத் தகடு எல்லாமே புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதே காலத்து டாட்ஜ் சார்ஜருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. அடித்தகடு உளுத்தால் வண்டியின் பலமே போச்சு. கூலி கொடுக்கப் போவதில்லை, வெல்டிங் நானே செய்வேன்.

அரிசோனா மீனா:
இரண்டு பேருமே மிச்சிகனை விட்டு வெளியே வர மறுக்கிறீர்கள். இங்கே பாலைவனத்தில் நிற்கிற வண்டியைப் பாருங்கள். வெயிலில் டேஷ்போர்டு வெடித்திருக்கும், ரப்பரெல்லாம் காய்ந்து உதிரும், பெயின்ட் வெளுத்திருக்கும். தகரம் மட்டும் அப்படியே இருக்கும். லாரியில் ஏற்றி அனுப்பும் செலவு, பாதி வண்டிக்குத் தகடு மாற்றும் செலவை விடக் குறைவு. எஸ்எஸ் பெயர் வேண்டாம் என்றால் பிளிமத் டஸ்டர், டாட்ஜ் டார்ட் கூட யோசிக்கலாம். ஆறு சிலிண்டர் வண்டியாக இருந்தால் இன்னும் மலிவு.

பட்டறைவாசி:
மீனா சொல்வதில் பாதி சரி. நான் ஓடுகிற வண்டியைத்தான் வாங்கச் சொல்வேன். ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம், ஆசையும் வற்றாது. மொத்தமாகப் பிரித்துப் போட்டுவிட்டு, எந்த போல்ட் எந்தப் பெட்டியில் என்று தெரியாமல் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

கார்க்கிறுக்கன்:
ஓடுகிற வண்டி என்று பளபளப்பாக வருவதில் பட்டி எத்தனை அங்குலம் என்று யார் பார்த்தது? இங்கே துரு கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. சனிக்கிழமை காந்தமும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துப் போகிறேன். காந்தம் ஒட்டாத இடம் பட்டி. பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பேன், உள்ளே இறங்கினால் திரும்பி வந்துவிடுவேன்.

அரிசோனா மீனா:
டைட்டில் (உரிமைப் பத்திரம்) உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறதா? இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் முதலில் விற்பவரையே தன் பெயருக்கு மாற்றி வாங்கச் சொல்லுங்கள். 1968 வண்டியில் வின் தகடு டேஷ்போர்டின் மேல், முன் கண்ணாடி வழியே தெரியும். பத்திரத்து எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

பட்டறைவாசி:
பாடி மவுன்ட், அதாவது பாடி சேஸிஸோடு சேரும் இடம், எல்லாவற்றையும் கீழே படுத்துப் பாருங்கள் தம்பி. எனக்கு இன்னும் சம்மதமில்லை. வாங்கித்தான் தீருவேன் என்றால் 4,000க்கு மேல் போகாதீர்கள்.