மரத்துல ஓட்டை, அடியில தூள் கொட்டுது. என்ன மருந்து அடிக்கலாம்? அவசரம்

புதுத்துளிர் (திங்கள், இரவு 9.12)
வணக்கம். மரத்துல ஓட்டை ஓட்டையா இருக்கு, அடியில தூள் கொட்டிக் கிடக்கு. போன வாரம் ரெண்டு மரத்துலதான் பாத்தேன், இன்னிக்கு எண்ணினா பதினொண்ணு. ஒரு கிளை காஞ்சு தொங்குது. எல்லாம் நானே கன்னு வெச்சு, குடத்துல தண்ணி சுமந்து வளத்தது. ரெண்டு தடவை மருந்து அடிச்சும் கேக்கல. வேற என்ன மருந்து, லிட்டருக்கு எத்தனை மில்லி? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

கிளைநிழல் (9.20)
என்ன மரம்ங்க?

வேப்பங்கொழுந்து (9.31)
வேப்பெண்ணெய் 5 மில்லி, கூட கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணி. வாரம் ஒரு தடவை சாயங்காலமா அடிங்க. எந்தப் பூச்சியா இருந்தாலும் ஓடிடும். நான் பத்து வருஷமா வேற எதையும் கையால தொட்டதில்ல.

மண்புற்று (9.44)
கரையான்தான், சந்தேகமே வேண்டாம். வேரைச் சுத்திக் கொத்திவிட்டு மருந்துத் தண்ணி ஊத்துங்க.

கிளைநிழல் (9.50)
கரையான்னா மண் பூச்சு ஏறியிருக்குமே? அவர் தூள்னு சொல்றார். புதுத்துளிர், மரத்தோட பேரு, வயசு, ஓட்டை தரையிலேர்ந்து எவ்வளவு உயரம், தூளோட நிறம், இதெல்லாம் சொல்லுங்க. படம் இருந்தா இன்னும் நல்லது.

அடர்கானகம் (10.25)
மரத்தின் பெயர் இல்லை. வயது இல்லை. அடித்த மருந்து எது, எங்கே அடித்தீர்கள் என்பதும் இல்லை. ஆனால் எத்தனை மில்லி என்று மட்டும் கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவது எத்தனையாவது முறையோ. பழைய இழைகளை ஒரு தடவை புரட்டியிருந்தால் இந்நேரம் பாதி வேலை முடிந்திருக்கும்.

இருந்தாலும் சொல்கிறேன். மரத்தைத் துளைக்கும் பூச்சி நம் கண்ணில் படாது, அது வெளியே தள்ளும் கழிவுதான் படும். முதலில் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி நுண்ணிய தூள் பெரும்பாலும் காய்ந்த கட்டையில் வாழும் வண்டினுடையது, உயிருள்ள மரத்தில் அதற்கு வேலையில்லை. நார் நாராக, இழைப்புளியில் சீவிய சிராய் போல வந்தால் நீள்கொம்பு வண்டின் புழு. குண்டூசித் தலையளவு ஓட்டையிலிருந்து வெள்ளைக் குச்சி போல தூள் நீட்டிக்கொண்டு நின்றால், உள்ளே பூஞ்சை வளர்த்துத் தின்னும் சிறு வண்டு. அது தண்ணீரில்லாமலோ வேர் அழுகியோ வாடிய மரத்தைத் தேடி வரும். வாடிய மரம் விடும் எத்தனால் வாசனைதான் அதைக் கூப்பிடுகிறது. உருண்டை உருண்டையாக ஆட்டுப் புழுக்கையைச் சுருக்கியது போல விழுந்தால் அந்துப்பூச்சிக் குடும்பத்துத் தண்டுத் துளைப்பான். நூலும் தூளும் சேர்த்துப் பின்னிய பாய் போலப் பட்டைமேல் ஒட்டியிருந்தால் பட்டை தின்னும் புழு.

இவை ஐந்துக்கும் ஐந்து வைத்தியம். இலைமேல் தெளித்த மருந்து கட்டைக்குள் இருக்கும் புழுவை எட்டவே எட்டாது. வேப்பெண்ணெயும் அப்படித்தான்.

வேப்பங்கொழுந்து (10.41)
எட்டாதுன்னு எப்படிச் சொல்றீங்க? என் மரத்துல நின்னுபோச்சே.

அடர்கானகம் (10.48)
புழு கூட்டுப்புழுவாகிவிட்டால் தின்பதை நிறுத்திவிடும், தூளும் நின்றுபோகும். அந்த நேரத்தில் நீங்கள் எதைத் தெளித்திருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைத்திருக்கும்.

மண்புற்று (11.02)
கரையானைப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே சார்.

புதுத்துளிர் (செவ்வாய், காலை 6.05)
மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். சந்தன மரம், அஞ்சு வயசு. ஊடால சவுக்கு வெச்சிருக்கேன். மருந்து பேரு ஞாபகமில்ல, இலை நனையுற மாதிரி அடிச்சேன். படம் ஏற மாட்டேங்குது. ஓட்டை சிலதுல இடுப்பு உயரம், சிலதுல தலைக்கு மேல.

கிளைநிழல் (6.30)
சந்தனமா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். சந்தனம்னா எனக்கு முதல் சந்தேகம் சிவப்புத் துளைப்பான்மேல. காப்பிச் செடியில வர்ற அதே புழுதான். அந்துப்பூச்சி வெள்ளையா இருக்கும், றெக்கையில கருநீலப் புள்ளி. முட்டை பொரிஞ்சதும் குட்டிப் புழு இளங்கிளையில நுழையும், வளர வளரப் பெரிய கிளைக்கும் தண்டுக்கும் இறங்கும். உள்ள குடையுற இடத்துக்கு மேல இருக்கிற பகுதி வாடும். காத்தடிச்சா அந்த இடத்துலயே ஒடிஞ்சு விழும். உங்க கிளை காஞ்சு தொங்குதுன்னு சொன்னது இதோட ஒத்துப்போகுது.

சவுக்குத்தோப்பு (7.10)
நான் ஒத்துக்க மாட்டேன். ஊடால சவுக்கு இருந்தா பட்டை தின்னும் புழுதான். சவுக்குல அது வராத வருஷம் கிடையாது. பகல்ல ஓட்டைக்குள்ள பதுங்கிக்கிட்டு, ராத்திரி வெளிய வந்து அந்த நூல்பாய்க்கு அடியிலயே நகர்ந்து பட்டையைச் சுரண்டும். கிளை பிரியுற கவட்டைப் பாருங்க, அங்கதான் தொடங்கியிருக்கும். ஒரு ஓட்டைக்கு ஒரு புழு.

கிளைநிழல் (7.22)
பட்டைப்புழுவால கிளை இப்படித் திடுதிப்புனு காயாதே அண்ணா. மரம் மெதுவாத்தானே நலியும்?

சவுக்குத்தோப்பு (7.25)
கிளையைச் சுத்தி முழு வளையமாப் பட்டையைத் தின்னுட்டா காயும். என் கண்ணால பாத்தது.

கிளைநிழல் (7.31)
புதுத்துளிர், ரெண்டு பேரும் இங்க உக்காந்து வாதாடுறதுல பயனில்ல. காஞ்ச கிளையை, ஓட்டைக்கு ஒரு சாண் கீழ வெட்டி நீளவாக்குல பிளந்து பாருங்க. உள்ள இருக்கிறது என்ன நிறம்? கால் இருக்கா? அந்துப்பூச்சியோட புழுவுக்குக் குட்டிக் கால்கள் தெரியும். நீள்கொம்பு வண்டோட புழு காலே இல்லாம வெளிர்மஞ்சளா, தலைப்பக்கம் பருத்து இருக்கும்.

வேகமருந்து (8.15)
இவ்வளவு எதுக்குங்க. தானியத்துக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் துண்டாக்கி ஓட்டைக்குள்ள திணிச்சு மண்ணால அடைச்சிடுங்க. ராத்திரியோட கதை முடிஞ்சிடும்.

அடர்கானகம் (8.21)
புதுத்துளிர், தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஈரம் பட்டவுடன் அந்த மாத்திரையிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளிவரும். மூச்சில் போனாலோ வயிற்றில் போனாலோ அதற்கு மாற்று மருந்து கிடையாது. யார் வேண்டுமானாலும் வாங்கிக் கையாளும் பொருளே அல்ல அது. கையால் உடைத்துத் துண்டாக்கச் சொல்வது உயிரோடு விளையாடுவது. வேகமருந்து, அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள். வேறு யாராவது படித்துவிட்டுச் செய்துவிடப் போகிறார்கள்.

கிளைநிழல் (8.24)
ஆமாங்க, நீக்கிடுங்க. இந்த விஷயத்துல அடர்கானகம் ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி.

ஏரிக்கரை (10.40)
மரங்கொத்தி வருதான்னு பாத்தீங்களா? எங்க மரத்துல ஓட்டை போட்டதே அதுதான். பழைய துணியைக் கட்டி விரட்டினதுக்கு அப்புறம் நின்னுச்சு.

சிறகன் (11.05)
மரங்கொத்தியை விரட்டாதீங்க ஐயா! அது புழுவைத் தேடி வருது. புழு இருக்கிற மரத்தை நமக்கு முன்னாடி கண்டுபிடிக்கிறதே அதுதான். வட அமெரிக்காவுல மரகத வண்டு ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்குல கொன்னுச்சு. 2002ல மிச்சிகன் பக்கம்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. அந்த வண்டு வெளியேறுற துளை ஆங்கில எழுத்து டி வடிவத்துல, ரொம்பச் சின்னதா இருக்கும், கீழயிருந்து பாத்தா தெரியாது. மரங்கொத்தி பட்டையை உரிச்சு வெளுத்துப்போன திட்டைப் பாத்துதான் பல இடத்துல வண்டு வந்திருக்கிறதையே தெரிஞ்சுக்கிட்டாங்க.

ஏரிக்கரை (11.20)
நல்ல மரத்தையும் கொத்துற மரங்கொத்தி உண்டு. வரிசையா ஓட்டை போட்டுச் சாறு குடிக்கும். அதுக்கு என்ன சொல்றீங்க?

சிறகன் (11.34)
உண்டு, சாறுறிஞ்சி மரங்கொத்தி. அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. சட்டம் வெச்சுக் கோடு போட்ட மாதிரி வரிசையா, ஆழமில்லாம கொத்தும். அந்த ஓட்டையிலேர்ந்து தூள் கொட்டாது. இங்க தூள் கொட்டுது.

ஏரிக்கரை (11.41)
சரி. துணியை அவுத்துடுறேன்.

பழைய காட்டாள் (பிற்பகல் 2.15)
பறவைப் பேச்சுக்கு நடுவில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சால மரத்துளைப்பான் என்று ஒரு நீள்கொம்பு வண்டு உண்டு. 1990களின் பிற்பகுதியில் மத்தியப் பிரதேசத்துச் சாலக் காடுகளில் அது பெருகி லட்சக்கணக்கான மரங்களைத் தாக்கியது. அவ்வளவு பெரிய காட்டில் எந்த மருந்தை எங்கே தெளிப்பது? அதற்கென்று ஒரு பழைய முறை இருந்தது. மழை தொடங்கி வண்டு வெளிவரும் நேரத்தில் சில மரங்களை வெட்டி, துண்டு போட்டு, முனையில் பட்டையை நசுக்கி வைப்பார்கள். கசியும் சாற்றின் வாசனைக்குத் தொலைவிலிருந்தெல்லாம் வண்டுகள் வந்து குடித்துக் கிறங்கிக் கிடக்கும். ஆட்கள் போய்ப் பொறுக்கி எடுத்து அழிப்பார்கள். பொறிமரம் என்று பெயர். சாறு வற்றினால் திரும்ப நசுக்குவார்கள்.

பூச்சியின் பழக்கம் தெரிந்ததால் வந்த யோசனை அது. தம்பி, உங்களுக்கு இருப்பது சில மரங்கள்தான். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். காட்டில் வேலை பார்த்த எங்களுக்கு அந்த வசதி இருந்ததில்லை.

வேப்பங்கொழுந்து (2.50)
அருமையான தகவல் ஐயா. ஆனா வெட்டின மரத்தை அப்படியே போட்டா அதுலயே முட்டை வெச்சுப் பெருகாதா?

பழைய காட்டாள் (3.05)
பெருகும். அதனால் பருவம் முடிந்ததும் அந்தக் கட்டைகளைக் காட்டைவிட்டு எடுத்துவிட வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். வெட்டிய கிளையை வேலியோரம் குவித்து வைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். விறகோடு விறகாகத்தான் பூச்சி அடுத்த இடத்துக்குப் போகிறது.

கிளைநிழல் (புதன், காலை 7.00)
புதுத்துளிர், பிளந்து பாத்தீங்களா?

கிளைநிழல் (வியாழன், காலை 7.10)
என்ன ஆச்சுங்க? ஆளையே காணோமே. அந்த மாத்திரையைத் தொட்டுடலியே?

புதுத்துளிர் (வியாழன், இரவு 8.40)
இல்லைங்க, தொடல. வேலையா இருந்துட்டேன். கிளையைப் பிளந்தேன். உள்ள செக்கச் செவேல்னு ஒரு புழு, விரல் நீளம் இருக்கும், தலை கறுப்பு, கால் இருக்கு. அடியில கிடந்தது உருண்டை உருண்டையா. நாலு சந்தனத்துல இப்படி. மத்த ஏழும் சவுக்கு. அதுல கவட்டுல நூலும் தூளுமா ஒட்டிக்கிட்டு இருக்கு.

சவுக்குத்தோப்பு (8.52)
சவுக்குல நான் சொன்னது. சந்தனத்துல கிளைநிழல் சொன்னது. பதினொண்ணுல ஏழு சவுக்குங்கிறதை இத்தனை நாள் சொல்லவே இல்லையே தம்பி!

கிளைநிழல் (9.30)
ரெண்டையும் தனித்தனியாப் பாக்கணும்.

சவுக்குக்கு: அந்த நூல்பாயை ஈரத் துடைப்பத்தால முழுசா வழிச்சு எடுங்க. அப்பதான் ஓட்டை வாய் தெரியும். சைக்கிள் சக்கரக் கம்பியோட நுனியைக் கொக்கியா வளைச்சு மெதுவா விட்டுத் திருகி இழுத்தா பாதிப் புழு அதுலயே வந்துடும். வராத ஓட்டைக்குள்ள பிவேரியா (பூச்சியைக் கொல்ற பூஞ்சை) கரைசலை, பாக்கெட்டுல போட்டிருக்கிற அளவுல, ஊசிக் குழலால நிரப்பி ஈரமண்ணால அடைங்க. சிலர் மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்வாங்க. புழு சாகும்தான், ஆனா சுத்தியிருக்கிற உயிர்ப்பட்டையும் கருகும். இளமரத்துக்கு நான் பண்ண மாட்டேன்.

சந்தனத்துக்கு: காஞ்ச கிளைகளைப் பச்சைக் கட்டை தெரியுற வரைக்கும் வெட்டி அன்னிக்கே எரிச்சிடுங்க. நடுத்தண்டுல ஓட்டை இருந்தா ஒரே குடைவுக்கு மேலயும் கீழயும் ரெண்டு மூணு வாய் இருக்கும். கீழ்வாயை எல்லாம் மண்ணால அடைச்சிட்டு மேல்வாய் வழியாக் கரைசலை விடுங்க. பிவேரியாவும் விடலாம், பூச்சிப் புழுவைக் கொல்ற ஸ்டைனெர்னீமாங்கிற நுண்ணிய நூற்புழுவும் விடலாம். குடைவுக்குள்ள வெயில் படாம, ஈரமும் காயாம இருக்கிறதால நூற்புழு அங்க நல்லா வேலை செய்யும், தானே நகர்ந்து போய்ப் புழுவைப் பிடிக்கும்.

அப்புறம் ஒண்ணு முக்கியம். சந்தனம் துணைமரத்தோட வேர்லேர்ந்து சத்தை எடுத்து வாழுற மரம். சவுக்கு நலிஞ்சா சந்தனமும் சேர்ந்து நலியும். அதனால சவுக்கு ஏழையும் சும்மா விட்டுடாதீங்க.

அடர்கானகம் (9.55)
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மண்ணால் அடைத்த மறுநாள் காலை பழைய தூளையெல்லாம் மரத்தடியிலிருந்து பெருக்கிவிட்டு, வெள்ளைத்துணியோ சாக்கோ விரித்து வையுங்கள். மூன்றாம் நாள் துணியில் புதுப் புழுக்கை விழுந்திருந்தால் புழு உயிரோடு இருக்கிறது, அந்த ஓட்டையில் மட்டும் மறுபடி செய்யுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் பழைய தூளைப் பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

நீங்கள் முதலில் பதறியதை நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். கன்று வைத்து வளர்த்தவருக்குப் பதறத்தான் செய்யும்.

மண்புற்று (10.10)
கரையானையும் ஒரு பார்வை பாத்துக்குங்க தம்பி. செத்த கட்டை இருந்தா அதுவும் வரும்.

புதுத்துளிர் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு)
துணி விரிச்சுப் பாத்தேன். சவுக்கு ஏழுலயும் நின்னுடுச்சு. சந்தனத்துல ரெண்டுல நின்னுச்சு, ஒண்ணுல மறுபடி கரைசல் விட்டிருக்கேன். ஒண்ணைப் பாதிக்கு மேல வெட்ட வேண்டியதாப் போச்சு, கீழ துளிர் விடுது. எல்லாருக்கும் நன்றி.

கிளைநிழல் (ஞாயிறு, மாலை)
சந்தோஷம்ங்க. துளிர் விடுற அந்த மரத்துல வெட்டுவாய்க்கு ஏதாவது பூசினீங்களா?