புதுப்பிப்பு: பரணில் கிடைத்த ஓலைக்கட்டு என்ன நூல் என்று தெரிந்துவிட்டது

தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த ஓலைக்கட்டின் படத்தைப் போட்டு, என்ன நூல் என்று கேட்டிருந்தேன் அல்லவா? தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம்! மனம், மாயை, ஆன்மா பற்றிச் சீடன் குருவிடம் கேட்டுத் தெளிகிற அத்வைத நூல்.

சுவடி படிக்கத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் வந்து பார்த்தார். ஏட்டில் விளக்குக்கரி பூசித் துடைத்ததும் எழுத்தாணிக் கீறல்கள் கறுப்பாக எழுந்து வந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளியே இல்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சீர் பிரித்துப் பாடிப் பார்த்துத்தான் சொல்லைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நூலின் இரண்டாம் பகுதியான சந்தேகந் தெளிதற் படலம் தொடங்கும் ஏடு முழுசாக இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசி ஏடுகளைத்தான் பூச்சி அரித்துவிட்டது, இந்தச் சுவடியைப் படியெடுத்து எழுதியவர் பெயர் தெரியவில்லை.

அச்சில் கிடைக்கும் நூல்தான். ஆனாலும் அச்சுக்கும் இதற்கும் சொற்கள் மாறும் பாடவேறுபாடு இருக்கலாமே! இருபுறமும் படமெடுத்துப் போடுகிறேன், படிக்கத் தெரிந்தவர்கள் கைகொடுங்கள். அப்புறம் ஓலைக்கட்டைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் காட்டப்போகிறேன்.